பெரியம்மாவின் முகத்தில் விழித்த கழகம்

எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. அதைக் கழகம் என்று சொன்னால் லண்டனின் பெரிய கழகங்கள் கோபித்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் வருகிற அணிகளுக்கும் இதற்கும் நடுவே எத்தனையோ படிகள். அந்தப் படிகளின் அடியில், இன்னும் ஒரு படி இறங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் பந்தடிக்கிறவர்களோடு சேர்ந்துவிடும் என்கிற இடத்தில், எங்கள் கழகம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நீளமான ஒரு பழைய பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது 'பின்வளவு'. "பின்வளவில இண்டைக்கு மட்ச் இருக்கோ?" என்று அப்பா கேட்பார். இருந்தால் துணி காயப் போடக்கூடாது, பந்து வந்து விழும்.

கழகத்தின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். டெனிஸ் என்பவர் அதை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்வார். அவர்தான் கழகத்தின் செயலாளர். வாசலில் டிக்கெட் கிழிப்பவரும் புல் வெட்டுபவரும் கோடு போடுபவரும் அவரே. பழைய மகாராணி காலத்தில், பக்கத்திலிருந்த வார்னிஷ் தொழிற்சாலை ஆட்கள் சனிக்கிழமை மத்தியானத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தொடங்கியது அந்தக் கழகம். மிஞ்சிய வார்னிஷை எல்லாம் கொண்டுவந்து, பார்வையாளர் இருக்கிற மர மேடைக்குப் பூசித் தள்ளியிருந்தார்கள். மழை பெய்தால் அது கழுவிய பலாக்கொட்டை மாதிரி மினுங்கும். மைதானம் ஒரு பக்கம் சரிந்தது. பந்தை அதன் பாட்டுக்கு விட்டால் எங்கள் வேலி மூலைக்கு உருண்டு வந்துவிடும். உலக யுத்தத்துக்கு முன்னால் ஒரு தடவை நாட்டின் பெரிய கோப்பைப் போட்டியில் உண்மையான ஒரு பெரிய அணியோடு மோதி, எண்ணி மாளாத கோல்கள் வாங்கித் தோற்றார்கள். கழகத்தின் பொற்காலம் அதுதான். அந்தத் தோல்வியின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பிறகு தொழிற்சாலை மூடிவிட்டது. கழகத்தை மூடச் சொல்லி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நடத்துகிறோம் என்பார் டெனிஸ்.

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியம்மா வந்தார். அம்மாவின் ஒரே அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மார்கழிக் குளிரில், அப்பா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பழைய கோட்டுக்குள் சுருண்டபடி எங்கள் தோர்ண்டன் ஹீத் ஸ்டேசனில் இறங்கினார். பெரியப்பா வரவில்லை. அவர் அதற்கு முந்தைய வருடம் ஒரு காலையில் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டுப் போய், சந்தியில் ஷெல் விழுந்து இறந்துபோனார். இதை வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு எல்லாச் செய்திகளும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கிடைத்தன.

பெரியம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் யாராவது வெளியே புறப்பட்டால் அவர் காணாமல் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடும்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று திரும்பி மேலே ஏறிவிடுவார். அப்பா கார் ஓட்டும் பரீட்சைக்குப் போன காலையில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். தெரிந்தவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டபோது தலையிடி என்றார். புறப்படும்போது எதிரே வருகிற ஆளின் ராசியை எங்கள் ஆட்கள் முழுவியளம் என்பார்கள். கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்பது அந்தக் கணக்கு. எனக்கு அது எதுவும் தெரியாது. பெரியம்மாவுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் முழுக்க வெள்ளைக்காரர் நடமாடும்போது கூச்சப்படுவது நியாயமாகவும் பட்டது. அம்மா அவரை உள்ளே போகச் சொன்னதில்லை. போகவேண்டாம் நில்லுங்கோ என்றும் ஒருநாளும் சொன்னதில்லை.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், அம்மாவுக்கு ஒரு கடையில் காசாளர் வேலை. வீட்டில் நானும் பெரியம்மாவும்தான். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மட்ச் நாள் என்பதை மறந்து பெரியம்மா துணி காயப் போட்டுவிட்டார். பந்து வந்து விழுந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டையைச் சேற்றோடு இழுத்துக்கொண்டு போய் மூலையில் நின்றது. வேலிக்கு மேலால் எறிந்துவிடலாம், அப்பா அப்படித்தான் செய்வார் என்றேன்.

"பிறத்தியாரின்ரை பொருளை எறியிறதே? கொண்டுபோய்க் குடுப்பம்," என்றார் பெரியம்மா.

அதோடு விடவில்லை. பந்தைக் குசினித் தொட்டியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். துவாயால் துடைத்தார். ஒரு பந்து அவ்வளவு வெள்ளையாக இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, பந்தை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி, கோயிலுக்குத் தட்டம் கொண்டுபோகிறவர் மாதிரி நடந்தார். நான் முன்னால் வழி காட்டினேன்.

பக்கவாட்டு வாசலால் உள்ளே போனோம். அது இடைவேளை நேரம். உடை மாற்றும் அறைக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு பாதை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்புக் கம்பி. நாங்கள் அதன் நடுவில் வந்தபோது அறைக் கதவு திறந்து, இரண்டாம் பாதிக்காக ஆட்டக்காரர்கள் வெளியே வந்தார்கள். பெரியம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. வெறும் நெற்றியோடு, கையில் பந்தோடு, புறப்பட்டு வருகிற ஓர் அணிக்கே நேர் எதிரே நின்றார். அவருடைய முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். முன்னால் வந்த அணித்தலைவர் ஒரு தபால்காரர், ஆள் நல்ல உயரம். அவர் பளபளக்கும் பந்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா வேறு வழியில்லாமல் இரண்டு கைகளாலும் பந்தை நீட்ட, அவரும் இரண்டு கைகளாலும் வாங்கித் தலையைக் குனிந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு அந்தப் பந்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பெரியம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தார். நான் அசையவில்லை, ஏனென்றால் அங்கே தேநீர் விற்கிற மொரீன் என்கிற வயதான அம்மா எனக்கு பிஸ்கட் தருவதாகச் சைகை காட்டிவிட்டார். ஆகவே பெரியம்மா தேநீர்க் குடிலின் பின்புறம், மைதானத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். கழகம் ஐப்பசிக்குப் பிறகு ஓர் ஆட்டமும் வென்றதில்லை. அன்றைக்கும் முதற்பாதியில் மூன்று கோல் வாங்கியிருந்தார்கள். திடீரென்று ஒரு கூச்சல்.

"என்ன பிள்ளை?"

"கோல், பெரியம்மா."

"ஆருக்கு?"

"எங்களுக்கு."

பெரியம்மா அதை நம்பவில்லை. இப்படி நான்கு தடவை கேட்டார், நான்கு தடவையும் அதே பதில். கடைசியில் டெனிஸ் ஒலிபெருக்கியில் அழுகிற மாதிரிப் பேசினார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அப்பாவின் சட்டையை மறுபடி தோய்க்கத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை டெனிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் முன்கதவில் நின்றார். உதைபந்தாட்டக்காரர்களைப் போலச் சகுனம் பார்க்கிறவர்கள் எங்கள் சாதிசனத்திலும் இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். அவர்களுடைய கோல்காவலர் வென்ற நாளில் போட்ட காலுறையைத் தோற்கும்வரை தோய்க்க மாட்டார். தபால்காரருக்கு இடது சப்பாத்தைத்தான் முதலில் போடவேண்டும். இப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசி, வென்றதற்குக் காரணம் பந்தோடு வந்த அம்மாதான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவர் அதே இடத்தில் நின்று, அதே மாதிரிப் பந்தைக் கொடுக்கவேண்டுமாம். நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

"சொல்லு பிள்ளை, நான் முன்னுக்கு நிண்டா அவை தோத்துப்போவினம்."

அதையும் சொன்னேன். டெனிஸ் இருமல் வரும்வரை சிரித்தார். அது இல்லாமலே நாங்கள் தோற்கிறவர்கள்தான் என்று சொல்லு மகளே என்றார். சொன்னேன். பெரியம்மா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். பிறகு என்னிடம், "அந்தக் கோட்டை எடு," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டெனிஸ் பந்தைக் கொண்டுவந்து வைப்பார். சனிக்கிழமை காலையில் பெரியம்மா அதைக் கழுவுவார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபிறகுதான் கழுவுவார் என்பதை நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. முதல் வாரங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டே பந்தை நீட்டினார். தபால்காரர் விடவில்லை. முகத்தைப் பார்க்காமல் போனால் பலிக்காது என்று என்னிடம் சொல்லி, பெரியம்மா நிமிரும்வரை காத்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். மத்தியஸ்தர் விசிலை ஊதி ஊதிக் களைத்தார். கடைசியில் பெரியம்மா நிமிர்ந்தார். பங்குனி முடிவதற்குள் ஒவ்வொருவரையும் பார்த்து, "நல்லா விளையாடுங்கோ தம்பியவை," என்று தமிழில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். எல்லா ஆட்டமும் வென்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வெற்றி என்பது கழகத்துக்கு நடக்கக்கூடிய ஒரு காரியமாகிவிட்டது. ஆட்டம் நடக்கும்போது பெரியம்மா மொரீனோடு தேநீர்க் குடிலில் இருப்பார். இவர் தமிழில் பேசுவார், அவர் இங்கிலீஷில் பேசுவார். இரண்டு பேருக்கும் விளங்கியதா என்று எனக்குத் தெரியாது, பேச்சு மட்டும் நிற்காது.

சித்திரை மாதத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் படம் வந்துவிட்டது. சேற்றுக்காலோடு நிற்கிற ஆட்டக்காரர்களுக்கு நடுவே பெரியம்மா, கையில் பந்து. கழகத்தின் அதிர்ஷ்டம் என்று கீழே எழுதியிருந்தார்கள். தமிழ்க் கடைக்காரர் அதை வெட்டிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். அம்மா கத்தரிக்காய் வாங்கப் போய் அதைக் கண்டார். வீட்டுக்கு வந்து பையைக் குசினி மேசையில் போட்டார். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போனேன்.

"அக்கா, உங்களுக்கு என்ன விசரோ? ஊர்ச்சனம் முழுக்கப் பாத்திட்டுது."

"பாத்தா என்ன?"

"வெள்ளைக்காரனுக்கு இதுகள் தெரியாது. நாளைக்கு ஒரு மட்ச் தோத்தா உங்கடை தலையிலதான் போடுவினம். அங்கை மாமி சொன்னது காணாதோ? இஞ்சையும் வந்து கேக்கோணுமோ?"

மாமி என்றது பெரியப்பாவின் தாயை. பெரியப்பா கடைசியாகப் புறப்பட்ட காலையில் பெரியம்மா வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார். இவள் முகத்தில் விழித்துப் போனதால்தான் என் பிள்ளை திரும்பி வரவில்லை என்று அந்த மனுஷி செத்த வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இதை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, யாரோ ஒரு மாமி எதையோ சொல்லிவிட்டார் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது.

பெரியம்மா பையிலிருந்து கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, "ஒண்டும் தெரியாத சனத்தோடையாவது கொஞ்ச நாள் முன்னுக்கு நிண்டிட்டு வாறனே," என்றார்.

பத்திரிகைக்குள்ளிருந்து அப்பா, "இனி ஒரு மட்ச்தானே கிடக்கு," என்றார். அம்மா கோபத்தை எல்லாம் கத்தரிக்காயில் காட்டினார். அன்றைய குழம்பு வாயில் வைக்க ஏலாமல் இருந்தது.

அந்தக் கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் கழகம் தன் படியில் நிற்கும், தோற்றால் ஒரு படி கீழே. வானம் மூடிக்கிடந்தது. பெரியம்மா பந்தோடு நேரே தேநீர்க் குடிலுக்குப் போனார். டெனிஸும் அங்கே நின்றார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எனக்கு அவர் இல்லை. செத்துப்போனார். இப்பிடியான ஆள் நல்ல காரியத்துக்கு முன்னுக்கு நிக்கிறது எங்கடை ஆக்களிட்டைக் கூடாது. இதுவரைக்கும் நான் சொல்லேல்லை. அவைக்குத் தெரியாமல் நிக்கிறது களவு மாதிரிக் கிடக்கு. தெரிஞ்ச பிறகும் நிக்கச் சொன்னா நிக்கிறன்."

பந்தைக் குடிலின் பலகையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்துச் சொன்னேன். டெனிஸ் தொப்பியைக் கழற்றினார். மொரீன் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார்.

மொரீன் தானும் அப்படித்தான் என்றார். ஒருவரை யுத்தத்திலும், இன்னொருவரை வார்னிஷ் புகையிலும் பறிகொடுத்தவராம். இந்தப் பையன்கள் அறையை விட்டு வெளியே வந்தால் முதலில் தெரிவதே இந்த ஜன்னலில் என் மூஞ்சிதானே, இத்தனை வருடமும் அதைப் பார்த்துவிட்டுத்தானே விளையாடப் போகிறார்கள் என்றார். டெனிஸ் கொஞ்சம் யோசித்து, அப்படியென்றால் இவ்வளவு காலமும் நாங்கள் தோற்ற காரணம் இப்போதுதான் விளங்குகிறது என்றார். மொரீன் பாத்திரம் துடைக்கிற துணியால் அவருடைய தோளில் ஓர் அடி போட்டார். நான் அந்த அடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. டெனிஸ் பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அன்றைக்குப் பெரியம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பந்தைத் தொட வைத்தார். நான் வெற்றி நிச்சயம் என்று இருந்தேன். மழை தொடங்கியது. ஒரு கோலும் இல்லாமலே ஆட்டம் முடியப்போகிற நேரம், எதிரணிக்காரன் ஒருவன் வழுக்கிக்கொண்டே ஓர் உதை உதைத்தான். பந்து சரிவில் மெதுவாக, ஒருவர் காலிலும் படாமல் உருண்டு, எங்கள் கோலுக்குள் போய் நின்றது. அவ்வளவுதான். நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விரைவாக நடந்தார். ஆனால் வெளியே போகிற வழியும் அந்த ஒடுக்கமான பாதைதான். நடுவழியில் ஆட்டக்காரர்கள் எதிரே வந்துவிட்டார்கள். பெரியம்மா சுவரோடு ஒட்டி நின்று தலையைக் குனிந்துகொண்டார். என் கையை விட்டுவிட்டுக் கோட்டின் கழுத்துப்பட்டியை முகம்வரை இழுத்துவிட்டார். குளிர் என்று நினைத்தேன்.

தபால்காரர் அவருக்கு முன்னால் நின்றார். தலையிலிருந்து கால்வரை சேறு. பந்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். இது மிகவும் அழுக்காகிவிட்டது, ஆகஸ்டில் ஆட்டங்கள் திரும்பத் தொடங்கும்போது வேண்டும் என்று சொன்னார். நான் விக்கலோடு மொழிபெயர்த்தேன். பின்னால் வந்த டெனிஸ், கீழ்ப் படியில் விளையாடுவதில் ஒரு வசதி உண்டு, மைதானங்கள் எல்லாம் கிட்ட, பஸ்ஸிலேயே வரலாம், மறக்காமல் வரச்சொல்லு என்றார்.

"தோத்ததுக்கு என்ன காரணமெண்டு சொல்லினம்? கேள்," என்றார் பெரியம்மா.

கேட்டேன். டெனிஸுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. வானத்தைப் பார்த்து மழை என்றார். தபால்காரர் சரிவு என்றார். குடிலுக்குள்ளிருந்து மொரீன், பழக்கதோஷம் என்றார். நான் மூன்றையும் சொன்னேன். பெரியம்மா இன்னும் ஏதாவது வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறொன்றும் இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கழகம் ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு தடவை கோப்பைகூட வாங்கினார்கள், சின்னக் கோப்பை. நான் பல்கலைக்கழகம் போய்த் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகளில் குசினித் தொட்டியில் பந்து கிடக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு உலகமே முடிந்துபோயிருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கடை உடுப்போடு முன்வாசலில் நின்றார். வழக்கத்தைவிட வேளைக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.

"என்னவாம்?"

"தோத்துப்போனம்," என்றார் பெரியம்மா. நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி அதைச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"உங்களை... ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஆவணிக்கு வரட்டாம்."

அம்மா பெரியம்மாவின் கையிலிருந்த சேற்றுப் பந்தைப் பார்த்தார். பிறகு ஈரம் என்றும் பாராமல் வாசற்படியில் அப்படியே குந்தி, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரியம்மா பக்கத்தில் இருந்து அவர் தலையைத் தடவினார். நான் என் அழுகையை நிறுத்திவிட்டு வியந்துபோய் நின்றேன். ஒருநாளும் வேலிக்கு அப்பால் எட்டிக்கூடப் பார்த்திராத அம்மாவுக்கு எங்கள் கழகத்தின்மேல் இவ்வளவு பாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கிட்டப் போய் அவருடைய தோளைத் தொட்டு, வருகிற வருடம் கட்டாயம் வெல்லுவம் அம்மா, அழாதேங்கோ என்று தேற்றினேன்.